ஆறாம் மாடிக்கு அம்மா வருகிறாள், கூடவே மூன்று தகரப் பெட்டி: எதை வைப்பது, எதை விடுவது?

ஆறாம்மாடிக்காரி, யாங்கோன்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாங்கோன் (பழைய ரங்கூன்) பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குடியிருப்பது ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 12½ அடி அகலம், 50 அடி நீளம். ரயில் பெட்டிக்குள் குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், முனையில் கிளிப்பும் ஒரு பையும். கீழே யாராவது கயிற்றைச் சுண்டினால் மேலே மணி அடிக்கும். பத்திரிகை, கறிவேப்பிலை, கரண்ட் பில் எல்லாம் அதில்தான் ஏறி வரும். கயிற்றில் ஏறாத சாமான் வீட்டுக்குள் வேண்டாம் என்று பதினோரு வருஷமாக ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்.

இப்போது அம்மா வருகிறாள். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பெகுவில் இருக்கும் மரவீட்டை அண்ணன் விற்கப் போகிறான். அம்மாவுக்கு 74 வயது, தனியாக விட முடியாது. அவள் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். கூட வருகிறவைதான் பிரச்சினை. மூன்று தகரப் பெட்டி, நூறு பேருக்குச் சோறு வடிக்கிற ஒரு பித்தளை அண்டா, ஐந்து குத்துவிளக்கு (ஒன்றுக்குத் தலை இல்லை), அப்பாவின் லுங்கிகள், ஓடாத மூன்று கடிகாரம், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எத்தனை என்று எண்ணவில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று போனில் கேட்டேன். அம்மா சண்டைக்கு வரவில்லை, நிதானமாகச் சொன்னாள்: "இதுவரைக்கும் போனது எதுவும் நாமாகக் கொடுத்துப் போனதில்லை. மிச்சம் இருக்கிறதை மட்டும் நாமே ஏன் கொடுக்கணும்?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. 1942இல் தாத்தாவின் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு நடந்தார், கையில் எடுத்துப் போனது ஒரு செம்பு. 1964இல் தாத்தாவின் கடை அரசுடைமை ஆனது. அத்தைகள் இரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக் கொடுக்கவும் இல்லை. அப்பா அம்மாவின் கல்யாணத்துக்குப் பிந்தைய சேமிப்பு முழுக்க 75 கியாட் நோட்டு. இரண்டாவது பெட்டியில் அது இன்னும் இருக்கிறது. 2008இல் நர்கீஸ் புயல் கூரைத் தகரத்தைக் கொண்டுபோனது. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளிடம் போய் "சாமானைக் குறைத்தால் மனசு லேசாகும்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

சரி, என் பக்கத்தையும் ஒத்துக்கொள்கிறேன். வீடு காலியாக இருக்கிறது என்று பீற்றிக்கொள்கிற நான், போனைத் திறந்தால் அம்மாவின் பரணைவிட மோசம். 2021 பிப்ரவரியில் திடீரென்று ஃபேஸ்புக் நின்றது ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து ஒரு பயம், எதைப் பார்த்தாலும் இறக்கி வைத்துக்கொள்வேன். சமையல் வீடியோ, தேவாரம், மருந்துச் சீட்டு, மியாவடி அக்கா மகன் பிறந்தநாள் படம், எல்லாம். 14,000 படம் இருக்கிறது. அதில் பாதி உளுந்து, துவரை விலைச் சீட்டு! வைபரில் 43 குழு. இரண்டு ஹார்ட் டிஸ்க், மூன்றாவது ஒன்று திறப்பதே இல்லை, ஆனாலும் எறிய மனசு வரவில்லை. அப்பாவின் பழைய லேப்டாப்பில் சில கோப்புகள், திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. அவருடைய போனும் இருக்கிறது, அதை இதுவரை யாரும் தொடவில்லை.

நாள் குறைவு. எங்கே தொடங்குவது? அம்மாவை நோகடிக்காமல் இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கைப்பேசிப்பட்டறை, யாங்கோன்

தங்கச்சி, அண்டா உன் பாடு, போன் என் பாடு. இருபது வருஷமாகப் போன் ரிப்பேர் செய்கிறேன். 'மெமரி ஃபுல்' என்று வருகிற பத்தில் எட்டுப் போனில் குப்பை ஒரே இடத்தில்தான் இருக்கும்.

முதல் வேலை அழிப்பது இல்லை, வருவதை நிறுத்துவது. வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் செட்டிங்ஸ் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்து. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துப் பிரயோஜனம் இல்லை. அப்புறம் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேற்பட்டது, பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று அதுவே பிரித்துக் காட்டும். 'குட்மார்னிங்' ரோஜாப்பூ எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அழி.

விலைச் சீட்டுக்கு ஒரு யோசனை. நேற்றைய விலை இன்றைக்கு உதவாது. கணக்குக்கு வேண்டும் என்றால் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள், படம் எதற்கு?

கூகுள் போட்டோஸ் வைத்திருந்தால் ஜாக்கிரதை. அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், மேலே இருக்கிற பிரதியும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்து, மேலே ஏறியவற்றின் போன் பிரதியை மட்டும் எடுக்கும். தவறி அழித்துவிட்டால் பதறாதே, மேலே ஏறின படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

இனி முக்கியமானது, இதைத் தள்ளிப் போடாதே. அப்பா போய் ஒன்றரை வருஷம் என்கிறாய். 2 வருஷம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், 2023 டிசம்பரிலிருந்து அதுதான் அவர்கள் விதி. அவர் போனைச் சார்ஜ் போட்டு, இந்த வாரமே திற. கூகுளில் 'டேக்அவுட்' என்று ஒரு வசதி இருக்கிறது, கணக்கில் இருக்கிற எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுக்கும். நம் ஊர் இணையத்துக்கும் விபிஎன்னுக்கும் பெரிய மூட்டை இறங்காது, பாதியில் அறுந்துவிடும். 1 ஜிபி, 2 ஜிபி துண்டுகளாகக் கேள். இறக்குவதற்கு அவர்கள் அனுப்பும் சுட்டி (லிங்க்) ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் இறக்கிவிடு.

அந்த மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவா. கரண்ட் போகிறபோது செருகியே இருந்ததா?

---

கரியடுப்பு, மாண்டலே

அக்கா, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த 'குறைவாக வைத்துக்கொள்' பேச்சு எல்லாம் நினைத்த நேரத்தில் கடைக்குப் போய்த் திரும்ப வாங்க முடிகிறவர்களுக்கு. ஒரே ஒரு கரண்ட் குக்கர் போதும் என்று இருந்தால், கரண்ட் இல்லாத நாளில் என்ன சாப்பிடுவது? என் பெயரே அதனால்தான். எங்கள் வீட்டில் சமைக்க மூன்று வழி இருக்கிறது: குக்கர், கேஸ், கரியடுப்பு. யூடியூப்பில் வருகிற வெள்ளைச் சுவர் அம்மணி பார்த்தால் இரண்டைத் தூக்கிப் போடச் சொல்வாள். எந்த இரண்டை?

2025 மார்ச் 28ஆம் தேதி 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு பல நாள் தெருவில் படுத்தோம். அப்போது எது உதவியது தெரியுமா? 'ஏன் இத்தனை' என்று நானே அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்த தார்ப்பாய் நான்கு, மூடி போட்ட தண்ணீர் கேன், பழைய நோக்கியா போனில் இருந்த டார்ச். ஒரு தார்ப்பாயை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தோம், அதில் மூன்று குழந்தைகள் தூங்கின.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு அலமாரி சரிந்து கட்டில் மேல் விழுந்தது. பட்டப்பகலாக இருந்ததால் கட்டிலில் யாரும் இல்லை. அலமாரி உச்சியில் இருந்தது பாட்டியின் வெண்கலப் பானை வரிசை. நிலநடுக்கம் கிளம்புகிற சகாயங் நிலப்பிளவு பெகு பக்கமும் போகிறது அக்கா, 1930 மே மாதம் பெகுவை உலுக்கியது அதுதான். அதனால் எத்தனை சாமான் என்று எண்ணாதீர்கள், கனமானது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அண்டாவை உங்கள் ஆறாம் மாடியில் பரண் மேல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

---

ஆறாம்மாடிக்காரி

கரியடுப்பு தங்கச்சி, கோபமே இல்லை. நான் எழுதும்போது இது தோன்றவே இல்லை. என் வீட்டில் ஒரே ஒரு கரண்ட் அடுப்புதான். கரண்ட் இல்லாத ராத்திரி கீழே இறங்கி மொகிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்) வாங்கிச் சாப்பிடுவதை 'எளிமை' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவால் ஆறு மாடி இறங்க முடியாது. அம்மாவின் கரியடுப்பு கட்டாயம் வருகிறது.

பட்டறை அண்ணே, ஆமாம், செருகியேதான் இருந்தது. அப்பாவின் கூகுள் விஷயம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போனின் பூட்டு என் பிறந்த தேதி என்று அம்மா சொன்னாள். திறந்துவிட்டது.

---

மோல்மேன் கிழவன், மோல்மேன்

அம்மாடி, உன் அம்மா சொன்ன வார்த்தையை இரண்டு தடவை படித்தேன். என் கதை ஒன்று சொல்கிறேன், அவளுக்கும் வாசித்துக் காட்டு.

1965இல் என் அக்காவும் மச்சானும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மச்சான் தையல்காரர். கப்பலில் அத்தனையும் கொண்டுபோக முடியாது, சோதனையும் கடுமை. தன் சிங்கர் மிஷினை என்னிடம் விட்டு, "கடுதாசி போடுகிறேன், அப்போது அனுப்பு" என்றார். எனக்கு அப்போது 15 வயது. கடுதாசி வந்தது, மிஷினைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்கும்வரை பத்திரமாக வைப்பது என் கடமை என்று இருந்தேன்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் வைப்பேன். ஒருவரையும் தொடவிட மாட்டேன். என் மனைவி தன் ரவிக்கைக்குப் பக்கத்து வீட்டு மிஷினைத் தேடிப் போவாள், எங்கள் வீட்டிலேயே மிஷின் இருக்க! மூன்று தடவை வீடு மாறினோம், மூன்று தடவையும் நான் தோளில் சுமந்தேன். மழைக்காலத்தில் நாங்கள் நனைந்தாலும் மிஷின் நனைந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேரன் வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். அக்கா வியாசர்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறாள், நினைவு நன்றாக இருக்கிறது. மச்சான் போய் ரொம்ப நாள். பேச்சோடு பேச்சாக, "மிஷின் அப்படியே இருக்கு அக்கா" என்றேன். "எந்த மிஷின்?" என்றாள். விளக்கிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அட, அதுவா? அதில் அப்பவே தையல் விட்டு விட்டு விழுமே. அதனாலதான் உங்க மச்சான் விட்டுட்டு வந்தார்!"

58 வருஷம், அம்மாடி.

ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் எதிர்வீட்டு மோன் இனப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் ஏதோ ஒரு பல்சக்கரத்தை மாற்றினாள், இப்போது பச்சைப் பள்ளிக்கூட லோஞ்சியாக (சீருடை லுங்கி) தைத்துத் தள்ளுகிறாள். ராத்திரி அந்தச் சத்தம் கேட்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அது நின்றால்தான் எழுந்து பார்க்கிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒவ்வொரு சாமானையும் எடுத்து உன் அம்மாவிடம் "இது வேணுமா" என்று கேட்காதே. வேணும் என்றுதான் வரும். "இது யாருடையது" என்று கேள்.

---

கைப்பேசிப்பட்டறை

ஐயா, கடைசி வரியைக் கடையில் எழுதி ஒட்டப் போகிறேன். ரிப்பேருக்கு விட்டுவிட்டு வராத போன் என்னிடம் அலமாரி நிறைய இருக்கிறது.

தங்கச்சி, டிஸ்க் பார்த்தேன். பாதி மீண்டது. உள்ளே இருந்தது முக்கால்வாசி மற்ற இரண்டு டிஸ்க்கில் இருப்பதேதான். இனிமேல் இப்படி வை: முக்கியமானது மட்டும் இரண்டு டிஸ்க்கில் ஒரே மாதிரி, ஒன்று உன் வீட்டில், மற்றது அண்ணன் வீட்டில். எழுதி முடித்ததும் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு போடு. இந்த ஊர் மழைக்கு ஃபோட்டோ ஆல்பம் மட்டுமா பூஞ்சை பிடிக்கும்?

லேப்டாப் கோப்பு உடைந்து போகவில்லை. அப்பா பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார், அந்த எழுத்துரு இப்போது கணினியில் இல்லை, அவ்வளவுதான். பாமினியை யூனிகோடாக (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, நகலெடுத்து ஒட்டினால் தமிழாக வரும். பர்மிய எழுத்துக்கு ஜோஜி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு 2019 அக்டோபரில் நாடே மாறியபோது பட்ட பாடுதான் இதுவும். மாற்றியதும் புதிய பெயரில் சேமி, பழையதையும் ஒரு பிரதி வை.

---

ஆறாம்மாடிக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு சனி ஞாயிறு பெகுவில் போனது.

மோல்மேன் ஐயா சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன். நம்ப மாட்டீர்கள், முதல் பெட்டியில் பாதி எங்களுடையதே இல்லை! குத்துவிளக்கில் இரண்டு, கப்பலேறிய சின்ன அத்தையுடையது. ஒரு தூக்குவாளி பக்கத்து வீட்டு சீன அம்மாவுடையது, அவர் மகள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அழுதுவிட்டார், அம்மாவும் அழுதாள், நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஒருவருடையதும் இல்லை என்று அம்மாவே தீர்ப்புச் சொன்னாள். பழைய சாமான்காரர் 31 பாட்டில் எண்ணி எடுத்தார்.

75 கியாட் நோட்டு 112 இருந்தது. அதாவது 8,400. அம்மா விரலில் எச்சில் தொட்டு, உண்மையான பணத்தை எண்ணுகிற மாதிரியே எண்ணினாள். இன்றைக்கு அது செல்லுபடியானாலும் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். விற்கலாம், யாங்கோன் நடைபாதையில் பழைய நோட்டுகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார்கள் என்றேன். "வேண்டாம், இது யாருடையது என்று எனக்குத் தெரியும்" என்றாள். கட்டி, தன் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். அதிகம் இடம் பிடிக்காது, கயிற்றில் ஏறும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் லுங்கியில் நான்கு வந்திருக்கிறது, மற்றது அண்ணனுக்கு. கடிகாரம் மூன்றும் போய்விட்டன. கரியடுப்பும், மூடி போட்ட இரண்டு தண்ணீர் கேனும், ஒரு தார்ப்பாயும் வந்துவிட்டன. எல்லாம் தரையில்தான் இருக்கின்றன தங்கச்சி, உயரத்தில் சுவாமி படம் மட்டும்.

போனில் இப்போது 3,200 படம். வைபர் குழு 9. விலைச் சீட்டு அழித்ததில் ஒருநாள் முதலாளியிடம் மாட்டிக்கொண்டேன், அதைத் தனியாகச் சொல்கிறேன். அப்பாவின் கணக்கைத் துண்டு துண்டாக இறக்கியாயிற்று, ஆறு ராத்திரி ஆனது. பெரும்பாலும் தெருநாய்களின் படம்.

இனி அண்டா. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

லேப்டாப் கோப்பைப் பட்டறை அண்ணன் சொன்னபடி மாற்றினேன். அது அண்டாவின் இரவல் கணக்கு! 1998இலிருந்து யார் எடுத்துப் போனார்கள், என்ன விசேஷம், என்றைக்குத் திரும்பியது என்று வரி வரியாக. 67 வரி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, பங்குனித் தீமிதிக் கஞ்சி, ஒரு பர்மிய வீட்டுச் சின்பியூ (பையனைப் புத்த மடத்தில் சேர்க்கிற சடங்கு). 'விளிம்பில் நசுங்கல்' என்று ஒரு குறிப்பு. நான் என்னவோ அதை எங்கள் வீட்டு அண்டா என்றே நினைத்திருந்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ இது ஆறாம் மாடிக்கு வந்தால் யார் ஏறி வந்து கேட்பாங்க?" என்றாள்.

அம்மன் கோயில் மடப்பள்ளியில் வைத்துவிட்டோம். கணக்கைப் புது நோட்டில் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், 68ஆவது வரி காலியாக இருக்கிறது.

ஆனால் 2011ஆம் வருஷ வரியில் அப்பா எழுதியிருக்கிறார்: 'அண்டா வந்தது. மூடி வரவில்லை.' எடுத்துப் போனவர் இப்போது தட்டோனில் இருக்கிறாராம். அம்மா நேற்றிலிருந்து என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவரைத் தேடுகிறாள், அதற்காக இரண்டு புதுக் குழுவில் வேறு சேர்ந்திருக்கிறாள். தட்டோன் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பித்தளை மூடி, பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும்.